கல்லணையைக் கட்டியது யார்? – ஒரு மாணவியின் இரண்டு கேள்விகள்



மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு தமிழர் பெருமை. நான் எழுதிக் கொடுத்த உரையில் கல்லணைக்கு ஒரு பத்தி இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கரிகாற் பெருவளத்தான் காவிரியின் குறுக்கே கல்லணையைக் கட்டினான். அவ்வணை இன்றும் நிலைத்து நிற்கிறது. தமிழனின் பொறியியல் அறிவுக்கு வேறு என்ன சான்று வேண்டும் என்று அப்பத்தி முடியும். கையை உயர்த்த வேண்டிய இடம், குரலை ஏற்ற வேண்டிய இடம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் பயிற்சியின் நடுவே அந்தச் சிறுமி கேட்டாள்: "ஐயா, கரிகாலன்தான் கட்டினார் என்று அந்த அணையிலேயே எழுதி வைத்திருக்கிறார்களா?" நான் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது: "ராஜாவே கல்லைத் தூக்கினாரா? வேறு யார் தூக்கினார்கள்?"

அன்று என்னிடம் சரியான விடை இல்லை. "முதலில் உரையை மனப்பாடம் செய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடை இன்றும் என்னை உறுத்துகிறது. அதன் பின்னர் படித்தவற்றையும், ஆண்டிறுதி விடுமுறை ஒன்றில் கல்லணைக்கே சென்று பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். அவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அணை இருக்கும் இடம்

கல்லணை தஞ்சாவூர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், தோகூர் என்னும் சிற்றூரை ஒட்டி அமைந்துள்ளது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவு. வழி நெடுகிலும் வாழைத் தோப்புகள், நெல் வயல்கள், இடையிடையே தென்னை. அணையைத் தாண்டிச் சற்றுக் கிழக்கே போனால் கோவிலடி. ஆழ்வார்கள் பாடிய அப்பக்குடத்தான் கோயில் அங்கேதான் இருக்கிறது. மேலும் கிழக்கே திருவையாறு. பெயரைப் பாருங்கள்: ஐந்து ஆறுகளின் ஊர். அந்த வட்டாரத்தில் ஊர்ப்பெயர்கூட நீரைத்தான் சொல்கிறது.

அணையை அறிய முதலில் ஆற்றை அறிய வேண்டும். குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடும் காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். தெற்குக் கிளை காவிரி. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் தீவே திருவரங்கம். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பிரிந்து ஓடிய இரு கிளைகளும் தீவின் கிழக்கு முனையில் மீண்டும் மிக அருகே வருகின்றன. அந்த இடத்தில்தான் கல்லணை இருக்கிறது.

"காவிரியின் குறுக்கே கட்டிய அணை" என்று நாம் பாடம் நடத்துகிறோம். கேட்பவர் மனத்தில் ஆற்றை மறித்து நீரைத் தேக்கும் உயர்ந்த சுவர் ஒன்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மை வேறு. கல்லணை நீரைத் தேக்கும் அணையன்று. நீரைத் திருப்பும் அணை.

அணை ஏன் வேண்டியிருந்தது?

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்ந்தது. அதன் ஓட்டமும் நேரானது. நீர் தாழ்ந்த வழியைத்தான் நாடும். இரு கிளைகளும் நெருங்கும் இடத்தில், காவிரியின் நீர் இடையிலுள்ள குறுகிய கால் வழியாகக் கொள்ளிடத்துக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய நீர் வயல் எதனையும் நனைக்காமல் நேரே கடலுக்குப் போய்விடும். தெற்கே தஞ்சை வளநாட்டுக்கு நீர் தர வேண்டிய காவிரியோ மணல் மேடிட்டுத் தூர்ந்து போகும்.

அந்த இறங்குவாயை அடைப்பதே அணையின் வேலை. ஆனால் முற்றிலும் அடைத்துவிடவும் கூடாது. வெள்ளம் பெருக்கெடுக்கும் காலத்தில் அவ்வளவு நீரும் காவிரிக்குள் புகுந்தால் கரை உடையும், ஊர்கள் மூழ்கும். ஆகவே அணையின் உயரம் அளந்து வைக்கப்பட்டது. சாதாரண நாள்களில் நீர் அணையில் முட்டித் திரும்பிக் காவிரியிலேயே செல்லும். வெள்ள நாள்களில் மிகுந்த நீர் அணையின் மேல் வழிந்து கொள்ளிடத்தில் விழும். கொள்ளிடம் என்னும் பெயருக்கே வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பொருள் சொல்வார்கள்.

கதவும் இல்லை, பொறியும் இல்லை. உயரம் ஒன்றினாலேயே வறட்சிக் காலத்துக்கு ஒரு விடையும் வெள்ளக் காலத்துக்கு ஒரு விடையும் தந்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் வியக்க வேண்டிய இடம் இதுதான். அணையின் வயதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அதன் அறிவைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மணலின் மேல் நின்ற கல்

அடுத்து அடித்தளம். காவிரிப் படுகை ஆழங்காண முடியாத மணல். பாறையைத் தொடும்வரை தோண்டி அடித்தளம் இட அங்கே வழியில்லை. பிறகு எப்படி அணை நின்றது?

பெரிய கற்களை ஆற்று மணலின் மேல் போட்டால், ஓடும் நீர் கல்லின் அடியிலும் பக்கத்திலும் உள்ள மணலை அரித்துச் செல்லும். கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். இறங்கிய கல்லின் மேல் மற்றொரு கல்லை வைத்தால் அதுவும் இறங்கும். இப்படி அடுக்கிக்கொண்டே போனால், ஒரு நிலையில் கல் இறங்குவது நின்றுவிடும். அதுவே அடித்தளம். கற்களுக்கிடையே களிமண்ணை இட்டு இறுக்கியிருக்கிறார்கள். எந்த அரிப்பு அணையைக் கவிழ்க்கும் என்று அஞ்ச வேண்டுமோ, அதே அரிப்பைத் தம் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பொறியாளர்கள் இதனை விளக்குகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொறியாளர்கள் அளந்தபோது பழைய அணை 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி அகலமும், 15 முதல் 18 அடி உயரமும் கொண்டிருந்தது. நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடந்தது. உள்ளே களிமண்ணில் பதித்த முரட்டுக் கற்கள். வெளியே சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கற்களின் போர்வை. இன்று நாம் படங்களில் காணும் மதகுகளும் பாலமும் பின்னர் எழுந்தவை. "இரண்டாயிரம் ஆண்டு அணை" என்று சொல்லி அந்த மதகுகளின் படத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டும் தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

முதல் கேள்வி: எழுதி வைத்திருக்கிறார்களா?

இல்லை. அணையைக் கட்டிய காலத்தில் வெட்டிய கல்வெட்டு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அப்படியானால் கரிகாலனின் பெயர் எங்கிருந்து வந்தது? சான்றுகளைக் காலவரிசைப்படி பார்ப்போம்.

முதலில் சங்க இலக்கியம். கரிகாலனைப் போற்றும் பாட்டுகளுள் முதன்மையானவை முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையும், கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையும் ஆகும். காட்டை அழித்து நாடாக்கியதையும், குளம் வெட்டி வளம் பெருக்கியதையும் பட்டினப்பாலை சொல்கிறது. காவிரி பாயும் நாட்டின் செழிப்பைப் பொருநராற்றுப்படை விரிக்கிறது. இரண்டிலும் கல்லணையைப் பற்றிய குறிப்பு இல்லை.

அடுத்து செப்பேடுகள். ஆந்திரத்துக் கடப்பை மாவட்டத்தில் கிடைத்த மாலேபாடு செப்பேடுகள், ரேநாட்டை ஆண்ட சோழர் மரபினனான புண்ணியகுமாரனுடையவை, கி.பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கரையை மீறிப் பெருகிய காவிரியைக் கரிகாலன் கட்டுப்படுத்தினான் என்னும் செய்தி அவற்றில் வருகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே, தெலுங்கு நாட்டில், கரிகாலனைத் தம் முன்னோன் என்று கொண்டாடிய ஒரு மரபினர் அச்செய்தியைப் போற்றி வைத்திருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைச் சொல்கின்றன. கலிங்கத்துப்பரணியிலும் இச்செய்தி உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சான்றுகள் பேசுவது கரையைப் பற்றி. கல்லால் ஆன அணையைப் பற்றி அன்று. காவிரிக்குக் கரை எடுத்தவன் கரிகாலன் என்னும் மரபு மிகப் பழையது, வலுவானது. ஆற்றுக்குக் கரை கட்டியவன் அந்த இடத்தில் அணையும் கட்டியிருப்பான் என்று கருதுவது பொருத்தமான கருத்து. எனினும் அது ஒரு முடிவுரைதான்; கண்ணால் கண்ட சான்றன்று. கரிகாலனையே பொதுவாகக் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டியவனாகக் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பிலும் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு.

ஈழத்திலிருந்து சிறைபிடித்து வந்த 12,000 பேரைக் கொண்டு கரிகாலன் அணை கட்டினான் என்று மேடைகளில் முழங்குகிறோம். இச்செய்தியின் ஊற்று இராசாவலிய என்னும் சிங்கள நூல். அது 17ஆம் நூற்றாண்டை ஒட்டியது. கரிகாலன் காலத்துக்கு மிகவும் அண்மையில் எழுதப்பட்ட மகாவம்சத்தில் இது இல்லை. அந்த நூலும் இதனைக் கயவாகு மன்னனின் வீரத்தைச் சொல்வதற்காக, அவன் அந்த மக்களை மீட்டு வந்தான் என்னும் கதையின் பகுதியாகத்தான் சொல்கிறது. ஒரு நாட்டின் வெற்றிக் கதையின் பாதியை எடுத்து நாம் நம் வெற்றிக் கதையாக்கிக்கொண்டோம். சிறைபிடித்த மக்களை வேலை வாங்கியது பெருமைதானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆக, மாணவிக்குச் சொல்ல வேண்டிய நேர்மையான விடை இதுதான்: "அணையில் எழுதவில்லை, அம்மா. ஆனால் கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினார் என்று பல நூற்றாண்டுகளாக மக்கள் சொல்லியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். அதனால்தான் அணையையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம்." இதில் தமிழன் பெருமை ஓர் அணுவும் குறையவில்லை. மாறாக, சான்று என்றால் என்ன, மரபு என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

அணையிடம் பாடம் கற்ற பொறியாளர்

1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலக் கும்பினியிடம் போனது. அக்காலத்தில் காவிரி மீண்டும் இடர்ப்பட்டுக்கொண்டிருந்தது. இம்முறை சிக்கல் கல்லணையில் இல்லை. மேற்கே முக்கொம்பில் இருந்தது. பிரியும் இடத்திலேயே கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டு வந்தது. காவிரி மேடாகிக்கொண்டு வந்தது. நீர் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் வரி குறையும். கும்பினி கவலைப்பட்டது.

இதனைத் தீர்க்க வந்தவர் ஆர்தர் காட்டன் (1803–1899). 1830ஆம் ஆண்டை ஒட்டிக் கல்லணையில் மணலை வெளியேற்றும் போக்கிகள் திறக்கப்பட்டன. 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், அதே ஆண்டில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் எழுந்தன. கீழணை இருக்கும் ஊருக்கு இன்று அணைக்கரை என்றே பெயர். வீராணம் ஏரிக்கு நீர் போவது அங்கிருந்துதான்.

மேலணை கட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இப்போது காவிரிக்குள் நீர் அளவுக்கு மேல் பாய்ந்து அதன் படுகையை அரிக்கத் தொடங்கியது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தியும், காவிரியின் தலைப்பில் படுகை மட்டத்தில் தடுப்பு அமைத்தும் அதனைச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. ஆற்றை ஓரிடத்தில் தொட்டால் அது மற்றோரிடத்தில் விடை சொல்லும்.

ஆழங்காண முடியாத மணலில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையிடமிருந்தே கற்றதாகக் காட்டன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாடத்தைக் கொண்டுதான் 1847 முதல் 1852 வரை கோதாவரியின் குறுக்கே தவளேசுவரம் அணையைக் கட்டினார். கோதாவரி மாவட்டங்களின் உழவர்கள் இன்றும் அவருக்கு மாலையிட்டு வணங்குகிறார்கள். காவிரிக் கரையில் பெயர் தெரியாத யாரோ கண்ட முறை கோதாவரிக் கரையின் பசியைத் தீர்த்தது. ஆங்கிலத்தில் 'ஆனிகட்' என்று வழங்கும் சொல்லும் நம் 'அணைக்கட்டு' என்பதன் திரிபே. மொழிப்பாடத்தில் சொல்ல ஏற்ற செய்தி இது.

கல்லணைக்குப் பின்

இன்று கல்லணையில் நின்றால் நான்கு வழிகள் தெரியும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். இவற்றுள் கல்லணைக் கால்வாயை அவ்வட்டார மக்கள் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணைத் திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்டு 1934இல் நிறைவடைந்தது. 148 கிலோமீட்டர் நீளம் சென்று, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி எனப் பழைய காவிரி எட்டாத மேட்டு நிலங்களுக்கு நீர் தருகிறது. வெண்ணாற்றின் கிளைகளும் காவிரியின் கிளைகளும் விசிறிபோல் விரிந்து கடல்வரை செல்கின்றன.

மேட்டூர் அணையைத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12. மூன்று நான்கு நாள்களில் நீர் கல்லணைக்கு வந்து சேரும். நெல்லும் மலரும் தூவி மதகைத் திறப்பார்கள். குறுவை நடவு அந்த நீரை நம்பித்தான் இருக்கிறது. மேட்டூரில் நீர் போதாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். 2024இல் ஜூலை இறுதிவரை காத்திருக்க நேர்ந்தது. மேலே மழை பெய்ய வேண்டும். கர்நாடகத்திலிருந்து நீர் வர வேண்டும். அதன் பிறகுதான் கல்லணைக்கு வேலை.

அணைகளுக்கும் முதுமை உண்டு. 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, காவிரியில் பெருவெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துக்கான ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. 182 ஆண்டுகள் நின்ற கட்டடம் அது. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி உடைப்பை அடைக்கப் பல நாள்கள் ஆயின. பின்னர் அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. மணலை நம்பி நிற்கும் அணைக்கு மணலே உயிர். ஆற்று மணலை அளவின்றி அள்ளுவது எங்கே கொண்டு போய் விடும் என்று உழவர்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள்.

இரண்டாம் கேள்வி: யார் கல்லைத் தூக்கினார்கள்?

இதற்கு எந்தச் செப்பேட்டிலும் விடை இல்லை. செப்பேடுகள் கல் சுமந்தவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனால் அணையைக் கட்டியது ஒரு முறை. காத்தது ஆயிரம் முறை. அந்தக் காவலைப் பற்றி ஓரளவு தெரியும்.

காவிரியில் புது நீர் வருவதற்கு முன், கோடையில் ஊர்தோறும் வாய்க்கால் தூர் வாரும் வேலை நடக்கும். கரையை உயர்த்துவார்கள், உடைப்பை அடைப்பார்கள், வெள்ளக் காலத்தில் இரவெல்லாம் கரையில் காவல் இருப்பார்கள். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் சென்னை மாகாண அரசு இதற்கென ஒரு சட்டமே இயற்றியது. கல்லணையில் திருப்பிய நீர் கடைமடை வயலுக்குப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இந்தக் கைகள்தாம். இவை இல்லாவிட்டால் அணை வெறும் கற்குவியல்.

அந்த வேலையின் பளு யார் தோளில் விழுந்தது? நிலம் வைத்திருந்தவர் ஆள் அனுப்பினார். மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலம் இல்லாதவர். தஞ்சை வளநாட்டில் பண்ணையாள், படியாள் என்று பல பெயர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்த மக்கள் பெருந்தொகையினர். அவர்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். நீர் வந்தது, நெல் விளைந்தது, கோயில்கள் எழுந்தன. நட்டுக் களையெடுத்து அறுத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான். அதன் பின்னும், 1968இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களின் குடும்பத்தினர் 44 பேர் தீயில் மாண்டார்கள். அதுவும் காவிரி பாயும் மண்தான்.

இங்கேதான் கல்லணையின் வரலாறு நம் வரலாற்றைத் தொடுகிறது.

காவிரியின் நீர் கடலில் கலக்கும் அதே கடற்கரையில் நாகப்பட்டினம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மாகாண வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் மலாயாவின் காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் ஏற்றிய துறைமுகங்களுள் அது முதன்மையானது. தஞ்சையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் மக்கள் அங்கே வந்து கப்பல் ஏறினார்கள். 1910வரை ஒப்பந்தக் கூலிகளாக. 1938வரை கங்காணிகளின் வழியாக. வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும் பலர். பஞ்சத்தால் வந்தவர்களும் பலர். ஆனால் நெற்களஞ்சியம் என்று புகழ்பெற்ற தஞ்சையிலிருந்து ஏன் மனிதர்கள் கடல் கடந்தார்கள் என்று கேட்டால், விடை நீரில் இல்லை, நிலத்தில் இருக்கிறது.

என் பாட்டனார் அப்படி வந்தவர்களுள் ஒருவர். தோட்டத்து லயத்தில் வாசற்படியில் அமர்ந்து பேசும்போது கல்லணையின் பெருமையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கரிகாலன் பெயரை அவர் அறிந்திருந்தாரா என்பதே ஐயம். வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் வாரியதை மட்டும் சொல்வார். சிறுவனாக இருந்த எனக்கு அது வரலாறாகத் தோன்றவில்லை. கல்லணைப் பாலத்தில் நின்று கிழக்கே பிரிந்து ஓடும் நீரைப் பார்த்தபோதுதான் பாட்டனாரின் சேறும் கரிகாலனின் கல்லும் ஒரே கதையின் இரு பக்கங்கள் என்பது எனக்கு விளங்கியது.

ஆகவே இரண்டாம் கேள்விக்கு விடை: "கல்லைத் தூக்கியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்கள். அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. அவர்களைப் போலவே அந்த மண்ணில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளாக உன் வகுப்பிலேயே சிலர் இருக்கக்கூடும்."

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மணல் சோதனை. அகன்ற தட்டில் மணலைப் பரப்பி ஒரு கூழாங்கல்லை வையுங்கள். தட்டைச் சற்றுச் சாய்த்து மெல்ல நீர் ஊற்றுங்கள். கல்லைச் சுற்றி மணல் அரிந்து கல் இறங்குவதை மாணவர்கள் காண்பார்கள். அதன் மேல் அடுத்த கல்லை அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வெள்ளிச் செலவில்லாமல் கல்லணையின் அடித்தளம் புரிந்துவிடும். அறிவியல் ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, "தெரிந்தது, சொல்லப்படுவது" என்று பலகையில் இரு பத்திகள் வரையுங்கள். அணையின் நீளமும் அகலமும் முதற்பத்தி. 12,000 கைதிகள் இரண்டாம் பத்தி. கரிகாலனை எந்தப் பத்தியில் எழுதுவது என்று மாணவர்கள் வாதிடட்டும். என் வகுப்பில் அந்த வாதம் மணி அடித்த பின்னும் நீண்டது.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அங்கே என்ன வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரை மறந்துவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. சொல்லத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இவ்வேலையை அடுத்த விடுமுறைவரை தள்ளிப்போட வேண்டாம்.

நிறைவாக

அந்த மாணவியின் உரையை இருவரும் அமர்ந்து மாற்றி எழுதினோம். கரிகாலன் அதில் இருந்தான். பட்டினப்பாலையும் செப்பேடுகளும் இருந்தன. மணலில் இறங்கிய கல்லும் இருந்தது. கடைசிப் பத்தியை அவளே எழுதினாள். கல்லைச் சுமந்தவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தாள். கையை உயர்த்தும் இடங்களை நான் குறிக்கவில்லை.

போட்டியில் அவளுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. குரலில் எழுச்சி போதவில்லை என்று நடுவர் ஒருவர் குறிப்பிட்டார். இருக்கலாம். ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு வரியும் அவளுக்குப் புரிந்திருந்தது, எவரேனும் "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் விடை சொல்லவும் முடிந்தது. பெருமை பேசும் பிள்ளைகளை நாம் நிறையவே உருவாக்கிவிட்டோம். கேள்வி கேட்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் எழுந்தால், "முதலில் மனப்பாடம் செய்" என்று அமர்த்திவிடாமல் இருப்போம். அன்று நான் செய்த தவறு அது.

அடுத்த முறை தமிழ்நாட்டுக்குச் செல்லும் பெற்றோர்கள் கோயில்களோடு கல்லணையையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பாலத்தின் நடுவே நிறுத்தி, நீர் எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளுக்கும் காது கொடுங்கள்.